ஐ.வி. ஊசி, தசை ஊசி, மாத்திரை: எது எப்போது?

விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து, உறிஞ்சப்பட்டு, கல்லீரலைத் தாண்டித்தான் ரத்தத்தில் கலக்கும். வழியிலேயே ஒரு பங்கு போய்விடும். சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைடு மாத்திரையில் சராசரியாகப் பாதிதான் ரத்தத்தை எட்டுகிறது. அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். 40 மி.கி. ஊசிக்கு 80 மி.கி. மாத்திரை என்று கணக்கு வைப்பது அதனால்தான். நேராகச் சிரைக்குள் போடும் ஐ.வி.யில் இந்தச் சேதாரம் கிடையாது. ஊசி போட்டால் சுமார் 5 நிமிடத்தில் வேலை தொடங்கும். மாத்திரைக்கு 30 முதல் 60 நிமிடம் ஆகும்.

அதற்காக ஊசிக்குத்தான் எப்போதும் பவர் அதிகம் என்றில்லை. லினசோலிட், மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்துகள் இரண்டும் வாய்வழியே கிட்டத்தட்ட முழுதாக உறிஞ்சப்படும். வாந்தி இல்லை, குடல் ஒழுங்காக வேலை செய்கிறது, நோயாளியும் தேறி வருகிறார் என்றால் இவற்றை ஐ.வி.யில் ஏற்றி லாபமில்லை. கேனுலா (சிரைக்குள் விட்டு வைக்கும் மெல்லிய குழாய்) வழியே கிருமி நுழையும் ஆபத்துதான் மிச்சம்.

தசை ஊசியின் வேகம் அந்தத் தசையின் ரத்த ஓட்டத்தைப் பொறுத்தது. ரத்த அழுத்தம் விழுந்தவருக்குப் போட்டால் மருந்து பெரும்பாலும் அங்கேயே தேங்கிக் கிடக்கும். ஆனால் தீவிர ஒவ்வாமைக்கு முதல் தேர்வு இதுதான்: பெரியவர்களுக்கு 0.5 மி.கி. அட்ரினலின், தொடையின் வெளிப்புறத்தில். அதே அளவை ஐ.வி.யில் ஒரேயடியாகத் தள்ளினால் ரத்த அழுத்தம் எகிறி, இதயத்துடிப்பு தாறுமாறாகும். பென்சத்தீன் பெனிசிலின் தசைக்கு மட்டுமே. தவறிச் சிரைக்குள் போனால் இதயமே நின்றுவிடக்கூடும்.

ஐ.வி.தான் என்று முடிவானால் அடுத்து வேகம். பெரும்பாலான விபரீதங்கள் இங்கேதான் நடக்கின்றன. தாறுமாறான வேக இதயத்துடிப்பை அடக்கும் அடினோசின் 6 மி.கி.யை ஒன்றிரண்டு விநாடிக்குள் தள்ளி, உடனே 20 மி.லி. சலைன் விட வேண்டும். அதன் அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம்) 10 விநாடிக்கும் குறைவு, நிதானமாகப் போட்டால் இதயத்தை அடைவதற்குள் தீர்ந்துபோகும். வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி நேர்மாறு: 1 கிராமுக்குக் குறைந்தது 100 நிமிடம், அதாவது நிமிடத்துக்கு 10 மி.கி. அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். பல கேஸ் ஷீட்டுகளில் இதை ‘அலர்ஜி’ என்று எழுதி, நல்ல மருந்து ஒன்றை நோயாளிக்கு நிரந்தரமாக மூடிவிடுகிறார்கள். ஏற்றுவதை நிறுத்தி, அடங்கியபின் வேகத்தைக் குறைத்துத் தொடர்ந்தாலே பெரும்பாலும் போதும். வலிப்பு மருந்தான பெனிட்டாயினை டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரைக் கரைசலில்) கலக்கவே கூடாது, படிந்துவிடும்; சலைனில்தான், நிமிடத்துக்கு 50 மி.கி.யைத் தாண்டாமல். பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் சிரிஞ்சால் தள்ளுவது உயிரையே பறிக்கும்.

மருந்தைக் கணக்காக ஏற்றும் பம்ப் இல்லையா? மி.லி.க்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் 100 மி.லி.யை 30 நிமிடத்தில் ஏற்ற, நிமிடத்துக்கு 67 சொட்டு.

மருந்து ஏற்றுமுன் 5 மி.லி. சலைன் விட்டு, ஊசிமுனைக்கு மேலே விரல் வைத்துப் பாருங்கள். குளிர்ந்து புடைத்தால் கேனுலா சிரையைவிட்டு வெளியே வந்திருக்கிறது. சிவந்து, சூடாகி, கயிறு போலத் தடித்தால் சிரை அழற்சி. இரண்டிலும் கேனுலாவை மாற்றியாக வேண்டும். ஆனால் கசிந்தது ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் போல திசுவை அழிக்கும் மருந்தென்றால், உடனே பிடுங்காமல், உள்ளே மிஞ்சியதை முதலில் அதே கேனுலா வழியே சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள்.