லயத்து வீட்டில் மாத்திரைக் கணக்கு: எந்த வழி ரகசியம் காக்கும்?

குன்னூர் பக்கத்து எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் ஓர் அக்கா, எச்.ஐ.வி.-யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரைக் குப்பியை ராகி மாவு டப்பாவுக்குள் வைத்திருக்கிறார். லேபிளைக் கிழித்துவிட்டார். குலுங்கினால் சத்தம் வரக்கூடாது என்று உள்ளே பஞ்சும் அடைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான், ராத்திரி இருமினால் "என்னக்கா, சளியா?" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும். நான் அவர் வீட்டுக்குப் போனதே இல்லை. மாத்திரை வாங்க வரும் நாளில் டீக்கடையில் சந்திப்போம். இதெல்லாம் அங்கே அவர் சொன்னது.

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறோமா என்று கவனிக்கும் தொழில்நுட்பங்களை ஒப்பிட உட்கார்ந்தால் எனக்கு அந்த டப்பாதான் கண்ணில் நிற்கிறது. கணக்கு எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதைவிட, அந்தக் கணக்கு யார் கண்ணில் படும் என்பதே இந்த மலையில் பெரிய கேள்வி.

வைஸ்பில் போன்ற சிம் உள்ள மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். திறக்கும்போதெல்லாம் அந்த நேரத்தைக் குறித்து மொபைல் நெட்வொர்க் வழியாக அனுப்பும். மலை மடிப்பில் சிக்னல் போனாலும் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பிவிடும். நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் அது பார்ப்பது மூடி திறந்ததை, விழுங்கியதை அல்ல. திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது நான்கு நாள் மாத்திரையைத் தாளில் மடித்து எடுத்துப் போனால், நான்கு நாளும் போடவில்லை என்று கணக்கு சொல்லும். அதைவிட, சார்ஜ் போடும் பெட்டி ஒன்று அலமாரியில் இருந்தால் "இது என்னம்மா?" என்று பிள்ளை கேட்காதா? துணைவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டவருக்கு இதே பெட்டி பெரிய உதவி. சொல்லாதவருக்கு அது வீட்டுக்குள் நிற்கும் சாட்சி.

காசநோய்த் திட்டத்தில் வந்த 99டாட்ஸ் மலிவானது. மாத்திரையைப் பிதுக்கினால் அட்டையின் பின்னால் ஓர் எண் தெரியும், அதற்கு இலவசமாகப் போன் செய்ய வேண்டும். ஆனால் ஏ.ஆர்.டி. பெரும்பாலும் குப்பியில் வருகிறது. போனும் பல வீடுகளில் ஒன்றுதான், அதுவும் மகன் கையில். வீடியோவில் விழுங்கிக் காட்டும் முறையில் முகமும் மாத்திரையும் ஒரே படத்தில் பதிவாகும். அது எனக்கு ஒத்துவரவில்லை.

அப்புறம் குறுஞ்செய்தி. கென்யாவில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், வாரம் ஒருமுறை "மாம்போ?" என்று மட்டும் அனுப்பினார்கள். சுவாஹிலியில் 'என்ன சேதி' என்பது போன்ற விசாரிப்பு. நோயின் பெயர் எங்கும் இல்லை. சிக்கல் என்று பதில் வந்தாலோ, பதிலே வராவிட்டாலோ செவிலியர் போன் செய்வார். மாத்திரை ஒழுங்கும் வைரஸ் கட்டுப்பாடும் மேம்பட்டன. தென்னிந்தியாவில் 631 பேரிடம் நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வில் தானியங்கிக் குரல் அழைப்பும் படச் செய்தியும் போயின. சிகிச்சை தோற்பதை அவை குறைக்கவில்லை. மறுமுனையில் ஆள் இருந்ததுதான் வித்தியாசம் என்பது என் கணிப்பு.

வீட்டில் எந்தத் தடயமும் விடாதது, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனை. சிகிச்சை தொடங்கி 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒன்று. ஆனால் மாத்திரை விட்டுப்போனது அதில் தெரிவதற்குள் மாதங்கள் ஓடிவிடலாம். அதனால் நடுவில் ஒரு குரல் தேவைப்படுகிறது.

2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. தகவலைக் காப்பது, பதிவு வைத்திருப்பவரின் கடமை. ஆகவே எந்தக் கருவியையும் கையில் கொடுக்குமுன் "போன் யாருடையது, யார் திறப்பார்கள்?" என்று ஆலோசகர் கேட்டே ஆக வேண்டும்.

அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். தெரிந்த நர்ஸ் ஒருவர் வாரம் ஒருமுறை கூப்பிட்டு "கொழுந்து எப்படி?" என்று கேட்டால் போதுமாம். போட்டிருந்தால் "நல்லா இருக்கு", விட்டுப்போயிருந்தால் "மழை".

"டப்பா இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்" என்றார். "தங்கச்சிகிட்ட சொல்றப்போ வெளியே எடுத்துக்கறேன்."