பழைய போனில் பல வருடங்கள்: செயலிகள் விடைபெறும் விதம்

ஐபோன் 6எஸ் 2015-இல் வந்தது. அதன் இயங்குதளம் ஐஓஎஸ் 9-இல் தொடங்கி 15 வரை ஏறியது. 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 அதற்குக் கிடைக்கவில்லை, ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் அதன் பிறகும் வந்துகொண்டிருந்தன. பேட்டரியை மாற்றிவிட்டு அந்தப் போனை இன்னும் வைத்திருக்கிறேன். கூடவே ஆண்ட்ராய்டு 6 ஓடும் ஒரு போனும் உண்டு. இரண்டிலும் அழைப்பு, கேமரா, திரை எதிலும் குறையில்லை. ஒவ்வொன்றாக நின்றுபோனது செயலிகள்தான். அவை நின்ற விதத்தில்தான் எத்தனை வித்தியாசம்!

மோசமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். செலவுக் கணக்கு எழுதும் ஒரு செயலி, ஒரு நாள் திறந்ததும் ‘புதிய பதிப்புக்கு மாறவும்’ என்று திரை முழுக்க மறித்துக்கொண்டு நின்றது. பட்டனை அழுத்தினால் ஸ்டோர் திறக்கிறது. அங்கே ‘இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது’ என்று வருகிறது. திரும்பி வந்தால் அதே மறிப்பு. பல வருடக் கணக்கு உள்ளே இருக்கிறது, எடுக்க வழியில்லை. இத்தனைக்கும் அவர்களுடைய இணையப் பக்கம் அதே போனின் உலாவியில் ஒழுங்காகத் திறந்தது. புதிய பதிப்பு தர முடியாது என்று தெரிந்தே ஒருவரிடம் புதிய பதிப்புக்கு மாறச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

குறிப்பு எழுதும் இன்னொரு செயலி வேறு மாதிரி நடந்துகொண்டது. சில மாதங்கள் முன்பே, இந்த இயங்குதளத்துக்கு இதுதான் கடைசிப் பதிப்பு என்று செயலிக்குள்ளேயே சொன்னார்கள். அந்தப் பதிப்பில் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை, நெடுநாள் தொந்தரவு தந்த பிழைகளை மட்டும் சரிசெய்திருந்தார்கள். எல்லாக் குறிப்புகளையும் சாதாரண எழுத்துக் கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பட்டனும் வைத்தார்கள். அது இன்றைக்கும் வேலை செய்கிறது. புதிய வசதிகள் எனக்கு வராது, சரி. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

எனக்குப் பட்டது இதுதான். புதிய பதிப்பு தருவதை நிறுத்துவது ஒரு முடிவு, இருக்கிற பதிப்பின் கதவைச் சாத்துவது வேறொரு முடிவு. செயலி உருவாக்கும் பல குழுக்கள் இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிடுகின்றன. முதலாவதைச் சீக்கிரமே எடுக்கலாம். இரண்டாவதை முடிந்தவரை தள்ளிப்போட வேண்டும்.

முதலாவதைச் சீக்கிரம் எடுக்கலாம் என்று ஒரு பழைய போன்காரனே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒலிபரப்பு கேட்கும் ஒரு செயலி ஐஓஎஸ் 15-ஐ நெடுநாள் கைவிடவில்லை. ஆனால் 6எஸ்-இல் இருப்பது 2 ஜிபி ரேம். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் செயலி கனத்துக்கொண்டே போனது. திறக்க நேரம் எடுத்தது, பாதியில் மூடிக்கொண்டது. பழைய போனில் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. ஆப் ஸ்டோரில் முந்தைய பதிப்புக்குத் திரும்பவும் முடியாது. நன்றாக ஓடிய ஒரு பதிப்போடு நிறுத்தியிருந்தால் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பேன். பழைய சாதனங்களுக்கு, அவற்றில் ஓடக்கூடிய கடைசிப் பதிப்பை ஆப் ஸ்டோரே இறக்கித் தருகிறது. அதனால் அந்தக் கடைசிப் பதிப்புக்கு ஆயுள் அதிகம். அதை அவசரமாக வெளியிடக் கூடாது.

குழுவின் கையில் இல்லாத முறிவுகளும் உண்டு. ஆண்ட்ராய்டு 6 போனில் 2024-இல் சில தளங்களும் செயலிகளும் சான்றிதழ்ப் பிழை காட்டத் தொடங்கின. ஒரு தளத்தின் சான்றிதழை நம்பலாமா என்று போன் தன்னிடம் உள்ள மூலச் சான்றிதழை வைத்துத்தான் முடிவு செய்யும். தளங்களுக்குச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் மூலச் சான்றிதழ் 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டுகளில் கிடையாது. வேறொரு பழைய மூலச் சான்றிதழின் ஒப்புதலை வைத்துச் சமாளித்து வந்தார்கள். அந்த ஏற்பாடு அந்த வருடம் முடிந்தது. ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருப்பதால் அதே தளங்கள் அதில் திறந்தன. செயலிகளும் மூலச் சான்றிதழைத் தங்களோடு சேர்த்தே கொடுத்திருக்கலாம். கடைசிப் பதிப்பில் இதைச் செய்திருந்தால் எத்தனையோ பழைய போன்கள் கூடுதலாகச் சில வருடங்கள் ஓடியிருக்கும்.

சரி, எப்போதுதான் நிறுத்துவது? பழைய இயங்குதளத்தில் இன்னும் எத்தனை சதவீதம் பேர் என்று பார்ப்பது வழக்கம். 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4-க்கு, அதாவது கிட்கேட்டுக்கு, பல செயலிகள் சார்ந்திருக்கும் பிளே சர்வீசஸ் என்ற பின்னணிச் சேவையின் புதிய பதிப்புகளைத் தருவதை கூகுள் 2023-இல் நிறுத்தியபோது, பயன்பாட்டில் இருந்த சாதனங்களில் அதன் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. பத்து வருடம் என்பது நியாயமான காலம். ஆனால் சின்னக் குழுக்களுக்கு அவ்வளவு தாங்காது. செயலி எழுதப் பயன்படும் ஆயத்த நிரல் நூலகங்களே முன்னால் நகர்ந்துவிடுகின்றன: கூகுளின் ஜெட்பேக் நூலகங்களின் புதிய வெளியீடுகள் 2025-இல் தங்களுக்குத் தேவையான குறைந்தபட்சப் பதிப்பை ஆண்ட்ராய்டு 6-க்கு உயர்த்திவிட்டன. அதற்கும் கீழே போனால் பழைய நூலகங்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அது எனக்குப் புரிகிறது. சதவீதத்தை மட்டும் நம்புவதுதான் உறுத்துகிறது. செயலி மெதுவாகி, வெறுத்துப்போய் விலகியவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். பத்து லட்சம் பேர் பயன்படுத்தும் செயலியில் ஒரு சதவீதம் என்றால் பத்தாயிரம் பேர். விளையாட்டுச் செயலி நின்றால் அவர்கள் வேறு விளையாட்டுக்குப் போவார்கள். மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி நின்றால்?

கதவைச் சாத்துவதற்கு நான் ஏற்கும் காரணம் பாதுகாப்பு ஒன்றுதான். பணம் கையாளும் செயலி, திருத்தம் வராத இயங்குதளத்தில் ஓட மறுப்பது நியாயம். அதுவும் தேதி சொல்லி, காரணம் சொல்லி, தகவலை எடுத்துக்கொள்ள வழி விட்டு.

அப்புறம், சந்தா. இன்னும் ஆறு மாதத்தில் கைவிடப்போகும் சாதனத்தில் ஆண்டுச் சந்தா விற்கக் கூடாது. எந்த இயங்குதளப் பதிப்பில் ஓடுகிறது என்று செயலிக்கே தெரியும், சந்தா விற்கும் திரையை மறைத்துவைப்பது பெரிய வேலை இல்லை. ஏற்கெனவே கட்டியவருக்கு மீதி மாதங்களின் பணத்தை அவர் கேட்காமலேயே திருப்பித் தர வேண்டும்.