பாம்பன் காற்றில் எந்த கீபோர்டு நிற்கும்?

பாம்பன் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம். ஒரு பக்கம் வடகடல், ரோட்டைத் தாண்டி நடந்தால் தென்கடல். வாடைக் காற்று அடித்தாலும் கச்சான் காற்று அடித்தாலும் உப்பு உள்ளே வந்துவிடும். கீபோர்டு வாங்க நினைக்கிறவர்கள் பார்க்கும் யூடியூப் வீடியோ எல்லாம் ஏசி அறையில் எடுத்தவை. அதனால் இந்த அலசல்.

உப்பின் குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே நீர் கோத்துக்கொள்ளும். சமையலறை ஜாடியில் நடக்கிற அதே கசிவுதான் கீபோர்டுக்குள்ளும். புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலோக்சேன் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். என் கீபோர்டுக்கு ராத்திரி போர்த்த ஒரு பழைய கைலி.

கடையில் முதலில் இருந்தது சாதா மெம்பரேன் கீபோர்டு, 450 ரூபாய். உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்தடம் அச்சிட்டிருக்கும், நடுவில் ஓட்டை போட்ட தாள். மேலே ரப்பர் குமிழ். அழுத்தினால் 'பொத்' என்று ஒரு சத்தம், ஊறிய முறுக்கைக் கடித்த மாதிரி. ஆனால் தாள்களுக்கு நடுவே இருப்பதால் மணலும் தூசியும் தொடுமுனைக்குப் போவது கஷ்டம். டீ கொட்டினாலும் பாதி நேரம் பிழைத்துக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்கள் ஈரக்கையோடு தட்டுவதையெல்லாம் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

செத்தால்தான் அதன் குணம் தெரியும். நான் அடிப்பது தமிழ் 99 என்ற தட்டச்சு முறை. அதில் எஃப் கட்டைதான் புள்ளி. ஒரு நாள் அது மட்டும் போய்விட்டது. 'ங' அடித்து 'க' அடித்தால் நடுவில் புள்ளி தானாக விழும், இரட்டை 'ச'வுக்கும் அப்படியே. அதனால் வார்த்தை நடுவில் குறையே தெரியவில்லை. கடைசி எழுத்துக்குத்தான் புள்ளி இல்லை. 'தங்கச்சிமடம' என்று முகவரி போட்ட நாலு மனு பிரிண்ட் ஆகி வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. மறுநாள் அதே தடத்தில் கோத்திருந்த இன்னும் சில கட்டைகளும் போயின. ஒட்டவும் முடியாது, பிரித்து மாற்றவும் முடியாது. குப்பைக்குத்தான்.

அப்புறம் மெக்கானிக்கல். இதை எனக்குள் ஏற்றியது அக்கா மகன். சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறவன். இதில் ஒவ்வொரு கட்டைக்கும் தனி சுவிட்ச், தனி ஸ்பிரிங். சுவிட்சின் வகையை நிறத்தை வைத்துச் சொல்வார்கள்: நீலம் 'டிக்' என்று சத்தம் போடும், சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும், பழுப்பில் நடுவில் ஒரு சின்னத் தடை. பழுப்பு என்பது மணல் விழுந்த சிவப்பு என்று கீபோர்டுப் பைத்தியங்கள் கேலி செய்வார்கள். எங்கள் ஊரில் அது கேலி இல்லை. ஆனியில் சிவப்பு வாங்கிப் போட்டால் ஆடியில் தானாகவே பழுப்பாகிவிடும்.

அவனுக்கு 'டிக்' பிடிக்காது, 'தொக்' என்று கேட்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு சுவிட்சையும் கழற்றி, கிரைடாக்ஸ் என்ற மசகைத் தூரிகையால் தடவிக்கொண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா செய்ற?" என்று அக்கா கேட்டாள்.

"தொக் வரணும்மா."

"அதுக்கு இறால் வாங்கிட்டு வாடா."

மனு கொடுக்க வந்த மீன்பிடி வல்லத்துக்கார அண்ணன் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வல்லத்தில் ஜிபிஎஸ் கருவியை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பவர் அவர். சுவிட்சைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "கிரீஸ் சரிதான் தம்பி. கொறச்சு வைக்கச் சொல்லு, மண்ணு ஒட்டும்" என்றார். இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

மெக்கானிக்கல் சுவிட்சின் ஆயுளைக் கம்பெனிகள் 5 கோடி, 10 கோடி அழுத்தம் என்று போடுகின்றன. அந்தக் கணக்கில் கச்சான் காற்று இருக்காது. நல்ல சுவிட்சில் தொடுமுனைக்குத் தங்கம் உண்டு, அது துருப்பிடிக்காது. ஆனால் என் கீபோர்டின் அடித்தகடு ஓரத்தில் ஒரே வருஷத்தில் செம்பழுப்பு பூத்துவிட்டது. விலை 3,200. ஏழு மெம்பரேன் வாங்கிவிடலாம். இதையெல்லாம் தெரிந்தே மெக்கானிக்கல் பக்கம்தான் நிற்கிறேன், காரணம் கடைசியில்.

மெக்கானிக்கல் ஆட்கள் கும்பிடும் சாமி ஒன்று உண்டு: 1985-இல் வந்த ஐபிஎம் மாடல் எம். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. ஸ்பிரிங் வளைந்து எழுப்பும் சத்தத்துக்காகவே இன்றும் தேடி வாங்குகிறார்கள். அந்த ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது என்ன தெரியுமா? மெம்பரேன் தாள்தான். இதைச் சொன்ன அன்று மாப்பிள்ளை என்னோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாவது ஆளும் இருக்கிறார், ஹால் எஃபெக்ட். கட்டையில் காந்தம், கீழே அதை உணரும் சென்சார். உலோகத்தோடு உலோகம் தொடவே வேண்டாம் என்பதால் தொடுமுனையில் உப்பு ஏறும் பேச்சே இல்லை. எட்வின் ஹால் 1879-இல் கண்டுபிடித்த விஷயம், இப்போது கேம் ஆடுகிறவர்கள் தலையில் வைத்து ஆடுகிறார்கள். கடற்கரைக்கு மூன்றில் இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் சர்க்யூட் போர்டும் சால்டரும் எல்லாவற்றையும் போல உப்புக்குப் பலியாகத்தான் செய்யும். மனு டைப் செய்ய அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகாது.

சரி, காரணம். போன கார்த்திகையில் மெக்கானிக்கலிலும் அதே எஃப் கட்டை மக்கர் செய்தது. ஒரு தடவை அடித்தால் இரண்டு புள்ளி, இல்லையென்றால் ஒன்றுமே விழாது. வெளியே மழை, உள்ளே நாலு பேர் வரிசையில். என்னுடையது சால்டர் இல்லாமல் சுவிட்சைக் கழற்றி மாட்டுகிற 'ஹாட்-ஸ்வாப்' வகை, இடுக்கி மாதிரி ஒரு சின்னக் கம்பி கூடவே வரும். அதை விட்டு எஃப் சுவிட்சைப் பிடுங்கினேன். யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக்கின் சுவிட்சைப் பிடுங்கி அந்த இடத்தில் செருகினேன். இரண்டு நிமிஷம். 'தங்கச்சிமடம்' என்று அடித்தேன், புள்ளி உட்கார்ந்தது. ஸ்க்ரோல் லாக் அன்றிலிருந்து பொக்கை வாயாக இருக்கிறது. இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்தது பாஸ் (Pause) கட்டை.