இனிப்புநீர், கால் புண், வீட்டுக்கு வரும் மிஸ்ஸி: ஆறு வருட அனுபவம்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசை வீடுகளில் அடிக்கடி கேட்கிறார்கள்: "அக்கா, உங்கள் வீட்டுக்கு வந்து புண்ணுக்கு மருந்து கட்டினார்களே, அந்த மிஸ்ஸி (தாதி) யார்? பெக்கா பி40 அவங்களிடம் செல்லுமா?" ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்லி முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

பெக்கா பி40 பற்றி முதலில். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் இலவசமாகச் செய்யும் உடல் பரிசோதனைத் திட்டம் அது. அந்தத் திட்டம் 2019-ல் வந்தபோது எனக்கு வயது 51. அப்போது 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்தான். பிறகு 40 ஆக்கினார்கள். அரசாங்க உதவித்தொகை பட்டியலில் என் பெயர் இருந்ததால், மைகாட் (அடையாள அட்டை) எண்ணைத் தட்டியதும் தகுதி உண்டு என்று வந்தது. திட்டத்தில் பதிந்த தனியார் கிளினிக்கில் இரண்டு முறை போனேன். முதல் முறை எடை, இரத்த அழுத்தம், இரத்தம், சிறுநீர். இரண்டாவது முறை முடிவு. ஒரு காசு கொடுக்கவில்லை. இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், என்று தெரிந்தது அன்றைக்குத்தான். அந்தப் பரிசோதனை இல்லாவிட்டால் என் கால் போகும்வரை எனக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் அது நோயைக் கண்டுபிடிக்கும் திட்டம். மாதா மாதம் மாத்திரை தரும் திட்டம் இல்லை. அதற்கு நான் போனது அரசாங்க கிளினிக். பதிவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), மாத்திரை அங்கேயே. அங்கே இனிப்புநீருக்கென்றே மேற்படிப்பு படித்த ஒரு மிஸ்ஸி இருக்கிறார். மெல்லிய நைலான் நூல் பொருத்திய குச்சியால் உள்ளங்காலில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். கண்ணை மூடியிருந்தேன். பெருவிரலுக்கு அடியில் எதுவும் தெரியவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்ததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

2022-ல் அதே பெருவிரலில் புண். நடக்க முடியவில்லை, மகன் ஈப்போவில் வேலை, கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தோம். வெள்ளைச் சட்டை, கையுறை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வந்த பெண், காய்ந்து ஒட்டிக்கிடந்த பழைய துணியை அப்படியே இழுத்தாள். புதிதாக வளர்ந்த சதையும் சேர்ந்து வந்தது, இரத்தம் பாயில் சொட்டியது. மூன்று முறை இப்படி. நான்காவது முறை மகன் கேட்டான், "தாதியர் வாரியத்தில் பதிவு இருக்கிறதா?" அவள் காட்டியது முதியோரைப் பார்த்துக்கொள்ளும் குறுகிய காலப் பயிற்சியின் சான்றிதழ். அந்த வேலைக்கு அது நல்ல சான்றிதழ்தான். ஆனால் புண்ணைத் தொடும் தாதி இல்லை. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை, பிழைப்புக்காக வந்தவள். "நர்ஸ்" என்று சொல்லி அனுப்பியவர்களை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இதைக் கேட்கும் பழக்கமே கிடையாது. என் அப்பா காலத்தில் தோட்ட டிரஸ்ஸரிடம் யார் சான்றிதழ் கேட்டார்கள்? ஊசி, கட்டு, காய்ச்சல் எல்லாம் அவர்தான். ஆனால் அவர்களைப் பதிவு செய்யவே 1965-ல் தனிச் சட்டம் வந்தது. நாம் கேட்காவிட்டாலும் யாரோ கேட்டார்கள். தாதியருக்கு 1950-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வாரியத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும், அதோடு ஏபிசி (APC) எனும் தொழில் சான்றிதழை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். பழைய டிப்ளோமாவைக் கண்ணாடி பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தால் போதாது, இந்த வருட ஏபிசி வேண்டும்.

இப்போது வரும் மிஸ்ஸி அரசாங்க மருத்துவமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து ஏபிசியைக் காட்டினார். அப்புறம் துணியின்மேல் சலைன் நீரை ஊற்றி, என் மகளின் பள்ளிக்கூடக் கதை கேட்டுக்கொண்டே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். துணி தானாக வழுக்கி வந்தது, வலியே இல்லை. புண் ஆற நான்கு மாதம் பிடித்தது. ஒரு நாள் ஓரம் சிவந்து வாடை வந்ததும் கட்டுப் போட மறுத்து, "இது டாக்டர் பார்க்க வேண்டியது, நான் மருந்து எழுத முடியாது" என்று உடனே மருத்துவமனைக்கு அனுப்பினார். அன்றிலிருந்துதான் அவரை முழுசாக நம்பினேன்.

பணம்: ஒரு முறைக்கு 60 வெள்ளி, எங்கள் கையிலிருந்து. பெக்கா பி40 அவரிடம் செல்லாது, அது பதிந்த கிளினிக்குகளுக்குத்தான். மடானி மருத்துவத் திட்டமும் அப்படித்தான். 2023-ல் 10 மாவட்டங்களில் தொடங்கியது. காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு மாதிரி திடீர் நோய்களுக்குத் தனியார் கிளினிக்கில் பார்க்கலாம், இனிப்புநீர் மாத்திரைக்கு இல்லை. அதன் படம் வாசலில் ஒட்டியிருந்த ஒரு கிளினிக்கில் என் கட்டுக்கும் செல்லும் என்று நம்பி உட்கார்ந்தேன். வெளியே வரும்போது 85 வெள்ளி பில். உள்ளே போகும் முன் "இந்த நோய்க்குச் செல்லுமா?" என்று கவுண்டரில் கேட்டிருந்தால் மிச்சம். நடக்க முடிந்தவர்கள் கட்டுக்கும் அரசாங்க கிளினிக்குக்கே போங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அங்கிருந்தே வீட்டுக்கு வருவார்கள், விசாரியுங்கள்.

புண் ஆறிவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நகம் வெட்ட, பாதம் பார்க்க மிஸ்ஸி வருகிறார். இந்த ஜனவரியில் வந்தபோது, நான் கேட்காமலே புதிய ஏபிசியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் கையுறை போட்டார்.