கூண்டுக்குள் முதலில் யார்? டபிள்யூ.டபிள்யூ.இ. 2கே23 விமர்சனம்

டபிள்யூ.டபிள்யூ.இ. 2கே23 என்ற தொழில்முறை மல்யுத்த வீடியோ விளையாட்டை வாங்கலாமா என்று என்னிடம் கேட்டால், வார் கேம்ஸ் ஒன்றுக்காகவே வாங்கலாம் என்று சொல்வேன். 2023 மார்ச்சில் வந்த விளையாட்டு இது. அதன் பிறகு 2கே24, 2கே25 என்று வந்துவிட்டன. அவற்றிலும் வார் கேம்ஸ் உண்டு. இருந்தாலும் இந்த வரிசையில் அது முதன்முதலாக வந்தது 2கே23இல்தான். அக்கா வீட்டு பிளேஸ்டேஷன் 5இல் இன்றும் நாங்கள் ஆடுவது இதைத்தான்.

வார் கேம்ஸ் எப்படிப்பட்ட போட்டி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ரிங்குகள். இரண்டையும் சேர்த்துச் சூழ்ந்த ஒரே இரும்புக் கூண்டு. இந்த விளையாட்டில் ஓர் அணிக்கு மூவர் அல்லது நால்வர். தொடக்கத்தில் அணிக்கு ஒருவர்தான் உள்ளே இருப்பார். மற்றவர்கள் இடைவெளி விட்டு, மாறி மாறி, ஒவ்வொருவராக வருவார்கள். எல்லோரும் உள்ளே வந்து சேர்ந்த பிறகுதான் ஒருவரை வீழ்த்தியோ பணிய வைத்தோ வெல்ல முடியும். அதுவரை விழும் அடி எல்லாவற்றையும் தாங்கியாக வேண்டும்.

இந்தப் போட்டியை உருவாக்கியவர் மல்யுத்த வீரர் டஸ்டி ரோட்ஸ். முதல் வார் கேம்ஸ் 1987 ஜூலை 4 அன்று அட்லாண்டாவின் ஆம்னி அரங்கில் நடந்தது. ஒரு பக்கம் ரோட்ஸ், நிகிடா கோலாஃப், ரோடு வாரியர்ஸ் இருவர், அவர்களுடைய மேலாளர் பால் எல்லரிங். மறுபக்கம் ரிக் ஃபிளேர், ஆர்ன் ஆண்டர்சன், டல்லி பிளான்சார்ட், லெக்ஸ் லூகர், கூடவே ஐந்தாவது ஆளாக அவர்களுடைய மேலாளர் ஜே.ஜே. டில்லன். ஃபிளேரும் ஆண்டர்சனும் இருந்த அந்த அணி தோற்றது டில்லனால். ரோடு வாரியர்ஸ் அவரைத் தூக்கி அடித்ததில் தோள்பட்டையில் காயம்பட்டு, அவர் பணிந்தார். ஆட்டம் அங்கேயே முடிந்தது. அணி சேர்ப்பதைப் பற்றி அந்த ஒரு போட்டி சொல்லித் தருவது எனக்குப் போதும்: இருப்பவர்களிலேயே பலவீனமானவர் எவ்வளவு தாங்குவாரோ, அவ்வளவுதான் அந்த அணி.

நான் உடற்கல்வி ஆசிரியர். பள்ளியில் கபடி அணி சேர்ப்பது என் வேலை. ஏழு நல்ல ரைடர்களை நிறுத்தினால் நல்ல அணி வந்துவிடாது. கார்னரில் நிற்க, கணுக்காலைப் பிடித்தால் விடாதவன் வேண்டும். முதல் ரைடுக்குப் பதற்றம் இல்லாதவன் வேண்டும். ஆட்டம் கைவிட்டுப் போகும்போது போய்ப் புள்ளி கொண்டுவருகிறவன் கடைசியில் வேண்டும். வார் கேம்ஸ் அணியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். என் அக்கா மகன் அப்படிப் பார்ப்பதில்லை. எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு எண்தான் முக்கியம்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ரோமன் ரெய்ன்ஸுக்கு 99. "மாமா, 99 இருக்கிறவரை விட்டுவிட்டு வேறு யாரை எடுப்பீர்கள்?" என்று அவன் கேட்டான். ரோமனை எதிரணியில் வை என்றேன். ரோமன், ஜே உசோ, ஜிம்மி உசோ, சோலோ சிகோவா: பிளட்லைன் என்ற அவர்கள் அணி முழுதாக எதிரில் நிற்கட்டும். ஜே, ஜிம்மி, சோலோ மூவரும் ரிக்கிஷியின் பிள்ளைகள். ரோமன் சிக்காவின் மகன், அதே அனோயி குடும்பம். ஒரே வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நால்வரைத் தோற்கடிக்கக்கூடிய நால்வர் யார்? கேள்வி அதுதான். அன்று இரவுச் சாப்பாடு தள்ளிப் போனது.

முதல் ஆள் ரே மிஸ்டீரியோ. பையன் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஐந்தடி ஆறங்குல மனிதரையா முதலில் அனுப்புவது என்றான். முதலில் போகிறவர் கூண்டுக்குள் அதிக நேரம் இருக்க வேண்டியவர். அவருக்குத் தேவை பருமன் இல்லை, மூச்சு. ராயல் ரம்பிள் என்பது ஒருவர் பின் ஒருவராக இறங்கி, கயிற்றுக்கு மேலாக வெளியே தள்ளப்படாமல் கடைசிவரை நிற்பவர் வெல்லும் போட்டி. 2006 ராயல் ரம்பிளில் ரே இரண்டாவது ஆளாக இறங்கினார்; 62 நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடித்து வென்றார். அந்தச் சாதனையை முறியடிக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முறியடித்த குந்தர், ரேயைவிட மிகப் பெரிய உடம்புக்காரர், அவரும் 71 நிமிடங்கள் நின்றும் வெல்லவில்லை. டென் ஸ்போர்ட்ஸில் ரேயின் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விழுந்தால் எழுவார். தூக்கிப் போட்டால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். கூண்டுக்குள் முதல் சில நிமிடங்களுக்கு அப்படிப்பட்ட ஒருவர்தான் வேண்டும்.

இரண்டாவது கர்ட் ஆங்கிள். இவரை எடுப்பதற்கு நான் எந்த மதிப்பெண்ணையும் பார்க்கவில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 100 கிலோ பிரிவு ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் தங்கம் வென்றவர். அதுவும் கழுத்துக் காயத்தோடு. தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவை முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள் என்று குறை சொல்பவர்கள் ஆங்கிளிடம் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பதக்கத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவருடைய ஆயுதம் ஆங்கிள் லாக், கணுக்காலைப் பிடித்துத் திருகும் பிடி. சாதாரணப் போட்டியில் கயிற்றைத் தொட்டுவிட்டால் பிடியை விட்டாக வேண்டும். வார் கேம்ஸில் அந்தத் தயவு கிடையாது. கயிறு பக்கத்திலேயே இருக்கும். தொட்டும் பயன் இருக்காது. என் கார்னர் இவர்தான்.

மூன்றாவது அண்டர்டேக்கர். இதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. விளையாட்டில் அவருக்கு வெவ்வேறு காலத்துத் தோற்றங்கள் இருக்கின்றன. 1998ஆம் ஆண்டுத் தோற்றத்தை எடுத்தோம், காரணத்தோடுதான். அந்த ஜூனில் பிட்ஸ்பர்க்கில் கூண்டின் உச்சியிலிருந்து மேன்கைண்ட் என்ற வீரரை அறிவிப்பாளர் மேசை மேல் தூக்கி எறிந்தவர் அவர். கூண்டுக்குப் பழகிய உடம்பு.

நான்காவதில்தான் பெரிய விவாதம். பையன் பிராக் லெஸ்னர் என்றான். நல்ல தேர்வு, மறுப்பதற்கில்லை. 2000இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் ஹெவிவெயிட் சாம்பியன், 2008இல் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியான யுஎஃப்சியில் ஹெவிவெயிட் சாம்பியன். தனியாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நானும் அவரைத்தான் எடுப்பேன். ஆனால் டபிள்யூ.டபிள்யூ.இ.யின் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் 21 வெற்றிகளோடு நின்ற அண்டர்டேக்கரை 2014இல் நியூ ஆர்லியன்ஸில் தோற்கடித்தவர் லெஸ்னர். அவர்கள் இருவரையும் ஒரே கூண்டுக்குள் ஒரே பக்கம் நிறுத்திவிட்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பேன்? கேன்தான் என் தேர்வு. 1997 அக்டோபரில், அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும் மோதிய முதல் ஹெல் இன் எ செல் என்ற கூண்டுப் போட்டியின் முடிவில், கூண்டின் கதவைப் பிய்த்துக்கொண்டு அறிமுகமானவர் கேன். கதைப்படி அண்டர்டேக்கரின் தம்பி. அண்ணனை எத்தனையோ முறை எதிர்த்தவர்தான், ஆனால் இருவரும் ஒன்றாக நின்றபோது அவர்களைத் தள்ள ஆளில்லை. 2001 ராயல் ரம்பிளில் 11 பேரை வெளியேற்றியவர் அவர். எல்லோரும் களைத்திருக்கும்போது கடைசியாகக் கதவைத் திறந்துகொண்டு வர இவரைவிடப் பொருத்தமான ஒருவர் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது விளையாட்டு இதை எப்படிக் கையாள்கிறது என்று சொல்கிறேன். வரிசைக்கு அது கொடுக்கும் மதிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ரேயை நான் இயக்கினேன். ஜே உசோவும், அடுத்து வந்த சோலோவும் சேர்ந்து ஒருவரை இருவர் அடிக்கும் அந்த நேரம் உண்மையிலேயே நீண்டதாக இருக்கிறது. அடுத்த ஆள் வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு ரிங்கிலிருந்து மற்றதற்குத் தப்பித்துக்கொண்டே இருந்தேன். ஆங்கிள் கையில் கம்போடு உள்ளே வந்தபோது பையன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். உள்ளே வரும்போது ஆயுதம் கொண்டுவரலாம் என்பது நல்ல ஏற்பாடு. கூண்டின் மேல் ஏறிக் குதிக்கவும் முடியும். ரே குதித்தபோது கீழே ஜிம்மியும் சோலோவும் ஒன்றாக நின்றிருந்தார்கள்.

எண்களின் ஆட்டத்தை அது நம்பவைக்கிறது. ஒருவர் அதிகமாக இருக்கும் பக்கத்துக்கு அந்தச் சில நிமிடங்கள் சொர்க்கம், மறுபக்கத்துக்கு நரகம். பழைய வார் கேம்ஸில் யாருக்கு அந்த முன்னுரிமை என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள். பெரும்பாலும் கெட்டவர்கள் பக்கமே அது விழுந்தது. ஏன் என்று இப்போது கைகளுக்குப் புரிகிறது.

போட்டி முடிந்தது ஆங்கிள் லாக்கில். இரண்டாவது ரிங்கில் ஜிம்மி சிக்கினான். ரோமன் காப்பாற்ற ஓடிவந்த பாதையில் அண்டர்டேக்கரும் கேனும் நின்றார்கள். மதிப்பெண் 99 பெற்றவரால் அவர்களைத் தாண்டி வர முடியவில்லை.

குறைகளும் இருக்கின்றன. எட்டுப் பேர் திரையில் இருக்கும்போது யாரைத் தாக்குகிறோம் என்பதை வலது குச்சியை அழுத்தி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அது கடினம். அதைவிடப் பெரிய குறை, வார் கேம்ஸில் துரோகத்துக்கு இடமில்லாதது. நான் லெஸ்னரைச் சேர்த்திருந்தாலும் அவர் அண்டர்டேக்கருக்குச் சமர்த்தாகத் துணை நின்றிருப்பார். உண்மையான மேடையில் இந்தப் போட்டியின் உயிரே அந்தச் சந்தேகத்தில் இருக்கிறது. 2022 நவம்பரில் பாஸ்டனில் நடந்த சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியின் வார் கேம்ஸில், பிளட்லைன் பக்கம் நின்ற சாமி ஸேன், எதிரணியில் இருந்த தன் நெடுநாள் நண்பன் கெவின் ஓவன்ஸை அடித்து வீழ்த்தி, ஜே உசோவை வெல்லவைத்தார். போட்டி முழுவதும் அவர் யார் பக்கம் சாய்வார் என்ற கேள்விதான் பார்த்தவர்களை உட்கார வைத்தது. அணியில் யாரை யாரோடு சேர்க்கிறோம் என்பதற்கு விலை வைத்திருந்தால், எங்கள் விவாதம் இன்னும் கூர்மையாகியிருக்கும்.

ஷோகேஸ் பகுதி புதுமையானது. ஜான் சீனாவின் வாழ்க்கையை, அவரைத் தோற்கடித்தவர்களின் பக்கமிருந்து ஆட வேண்டும். 2006இல் ராப் வான் டாம், 2014 சம்மர்ஸ்லாமில் லெஸ்னர். ஒரு முறை ஆடி முடிக்கத் தகுந்தது. மைஃபேக்ஷன் பகுதியை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதுவும் நால்வர் அணி சேர்க்கும் விளையாட்டுதான், ஆனால் வீரர்கள் அட்டைகளாக வருகிறார்கள். விளையாட்டு வந்தபோது அட்டைக்கட்டுகளை ஆடிச் சேர்க்கவும் முடிந்தது, நிஜப் பணம் கொடுத்து வாங்கவும் முடிந்தது. அந்த இரண்டாவது வழி பிள்ளைகளின் கையில் இருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. ரேயை முதலில் அனுப்புவதா என்று ஒரு மணி நேரம் வாதாடிய பிள்ளை, அட்டைக்கட்டைத் திறந்தபோது அதில் வந்த எண்ணை மட்டுமே பார்த்தான்.

அக்கா மகளுக்கு ரியா ரிப்ளே என்ற வீராங்கனை வேண்டும், அண்டர்டேக்கரோடு ஒரே அணியில். 2கே23இல் அது நடக்காது. ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் மோதும் போட்டிகள் 2கே25இல்தான் வந்தன. அதனால் பெண்கள் அணி தனியாகச் சேர்ந்தது. டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வளரும் வீரர்களுக்கான பிரிவான என்எக்ஸ்டியில் 2019இல் நடந்த வார் கேம்ஸ் கதையை அவளுக்குச் சொன்னேன். பெண்களுக்கான முதல் வார் கேம்ஸ் அது. ரியாவின் அணியில் டகோடா காய் தன் தோழி டீகன் நாக்ஸையே தாக்கிவிட, நால்வரை எதிர்த்து ரியாவும் கேண்டிஸ் லெரேயும் மட்டும் மிஞ்சினார்கள். இருவரும் வென்றார்கள், ஷேய்னா பேஸ்லரின் அணியை. கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அப்படியானால் ரியா கடைசியில் வரக் கூடாது மாமா, முதலில் வர வேண்டும்." மற்ற மூவராக பியாங்கா பெலேர், பெக்கி லிஞ்ச், அசுகாவை எடுத்திருக்கிறாள். அசுகாவை இரண்டாவதாக அனுப்புவதா மூன்றாவதாகவா என்பதில் எனக்கும் அவளுக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

வாங்குகிறவர்கள் இரண்டு கன்ட்ரோலர்களோடு வாங்குங்கள். இருவரும் ஒரே அணியில் ஆடுங்கள், எதிரணியைக் கணினியிடம் விட்டுவிடுங்கள். முதலில் நார்மல் நிலை போதும். வரிசையைத் தாளில் எழுதி முடிவு செய்த பிறகே திரையைத் தொடுங்கள்.