எலிக்சிரும் பிஎச்பியும்: ஏழு வருடப் புழக்கம்

2018-இல் எலிக்சிர் என்ற நிரல்மொழியில் எழுதத் தொடங்கிய ஒரு அப்ளிகேஷனை இன்றும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கும் மூத்த, பிஎச்பி மொழியில் எழுதிய அப்ளிகேஷன் ஒன்றும் என் தலையில்தான் இருக்கிறது. மூன்றாவதாக நோட்-இல் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் சூழல்) எழுதியது ஒன்று உண்டு. இரண்டு வருடம் தொடாமல் வைத்திருந்துவிட்டு புது லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன், எழுந்திருக்கவே இல்லை. ஸ்டைல் கோப்புகளைத் தொகுக்கும் ஒரு பேக்கேஜ், அதற்கு வேண்டிய பழைய பைத்தான், பிறகு சி++ கம்பைலர் (எழுதிய கோட்-ஐ இயந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது) என்று ஒரு முழு நாள் போனது. மூன்று மொழிகளில் அதிகம் பேர் புழங்குவது அந்த ஜாவாஸ்கிரிப்ட்தான்.

எலிக்சிரை எடுத்தபோது நான் இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டிருந்தேன். முதல் சூடு காஃபிஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி ஓட்டப்படும் ஒரு சின்ன மொழி. 2011-இல் ரூபி மொழியின் வலைச் சட்டகமான ரெயில்ஸ் 3.1 அதைத் தன்னோடு சேர்த்தே கொடுத்தது, அதனால் பயமில்லாமல் இறங்கினோம். 2015-இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரம், காஃபிஸ்கிரிப்டில் எங்களுக்குப் பிடித்திருந்த பாதியைத் தானே எடுத்துக்கொண்டது: அம்புக்குறி ஃபங்ஷன், கிளாஸ், சரத்துக்குள் மாறியைப் பொதிவது. யோசனைகள் பிழைத்துக்கொண்டன, எங்கள் கோட்தான் அநாதையானது. எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றி முடிக்க ஒரு மாதம் பிடித்தது.

இரண்டாவது எல்ம், பிரவுசர் திரைகளை எழுதும் இன்னொரு சின்ன மொழி. இதைப் பற்றி எனக்கு இன்னும் கொஞ்சம் ஏக்கம் உண்டு. பிழை இருந்தால் கம்பைலர் ஒரு பொறுமையான ஆசிரியர் போலப் பேசும். கம்பைல் ஆகிவிட்டால் பிரவுசரில் உடையவே உடையாது. ஆனால் 2018-இல் வந்த 0.19, ஜாவாஸ்கிரிப்டை நேரடியாகச் செருகும் வழியை வெளி ஆட்களுக்கு அடைத்துவிட்டது. அந்த வழியை நம்பி எழுதியிருந்த இரண்டு மாட்யூல்களைத் திருப்பி எழுதினேன். 2019-இல் 0.19.1 வந்தது, அதற்குப் பிறகு மொழி அப்படியே நின்றுவிட்டது. அதில் எழுதிய திரை இன்றும் ஒரு பிசகில்லாமல் ஓடுகிறது. அதைத் திறந்து ஒரு வரி மாற்றத்தான் எங்கள் குழுவில் யாருக்கும் மனசு வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் இன்னொரு சின்ன மொழி? வேலை அப்படி. கிடங்குகளில் எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பல பேர் ஒரே நேரத்தில் திரையில் பார்க்க வேண்டும், ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் உடனே தெரிய வேண்டும். இந்த முறை மொழியின் பளபளப்பைப் பார்ப்பதை விட்டு, அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தேன். ரெயில்ஸ் குழுவில் இருந்த ஜோசே வாலிம் உருவாக்கிய எலிக்சிர் 1.0-க்கு வந்தது 2014-இல். ஆனால் அது ஓடுவது எர்லாங் என்ற மூத்த மொழியின் பீம் மேல், அதாவது எர்லாங் நிரல்களை ஓட்டும் மென்பொருள் மேல். எர்லாங், தொலைபேசி இணைப்பகங்களுக்காக எரிக்ஸன் நிறுவனத்தில் 1980-களில் பிறந்து 1998-இல் திறந்த மூலமானது. வாட்ஸ்அப் சர்வர்கள் அதன்மேல்தான் வளர்ந்தன. நாளைக்கே எலிக்சிரை எல்லோரும் மறந்துபோனாலும் அடித்தளம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். எல்ம்முக்கு இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் விடை வேறாக வந்திருக்கும்.

கணக்கு சரியாக வந்த ஒரு நாளைச் சொல்கிறேன். மதியம் திடீரென்று திரைகள் மந்தமாயின. சர்வரை நிறுத்தாமல், ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனுக்குள்ளேயே ஒரு கன்சோலைத் திறந்து போக முடிகிறது. அங்கே ஒவ்வொரு பயனருக்கும் ஒரு தனி குட்டி புராசஸ் (தனியே ஓடும் வேலை), ஒவ்வொன்றுக்கும் ஒரு அஞ்சல்பெட்டி. எந்தப் பெட்டியில் எத்தனை செய்திகள் தேங்கியிருக்கின்றன என்று கேட்டேன். எல்லாவற்றிலும் பூஜ்யம் அல்லது ஒன்று, ஒன்றில் மட்டும் எண்பதாயிரத்துக்கு மேல். அறிக்கை தயாரிக்கும் புராசஸ் அது, ஒரு வெளி சர்வரின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதை மட்டும் கொன்றேன். மேற்பார்வை புராசஸ் உடனே புதிதாக ஒன்றைக் கிளப்பியது, திரைகள் சரியாகிவிட்டன. பத்து நிமிட வேலை. வேறு எந்தச் சூழலிலும் எனக்கு இவ்வளவு வெளிச்சம் கிடைத்ததில்லை.

சரி, இப்போது மறுபக்கம். பணம் செலுத்தும் சேவை ஒன்றை இணைக்க வேண்டியிருந்தது. அவர்கள் பிஎச்பி, ஜாவா, பைத்தான், நோட் நான்குக்கும் லைப்ரரி கொடுத்தார்கள், எலிக்சிருக்கு இல்லை. பிஎச்பி அப்ளிகேஷனில் அரை மணி நேரத்தில் முடித்த வேலையை இங்கே நானே உட்கார்ந்து எழுதினேன். அனுப்பும் விவரங்களைப் பெயர் வரிசைப்படி அடுக்கி, அதற்கு ஒரு கையொப்பம் கணக்கிட வேண்டும். எலிக்சிரில் ஒரு சின்ன மேப்பை (சாவி-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) அச்சிட்டுப் பார்த்தால் அது எப்போதும் அகர வரிசையிலேயே வந்தது. ஆகா என்று, தனியே அடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

2023-இல் எர்லாங்கை ஓடிபி 26 என்ற வெர்ஷனுக்கு ஏற்றினோம். மறுநாள் காலை எல்லாக் கட்டணமும் ‘கையொப்பம் பொருந்தவில்லை’ என்று திரும்பி வந்தது. ஆட்டம்களை (பெயரே மதிப்பாக இருக்கும் மாறிலிகள்) சாவியாகக் கொண்ட சின்ன மேப்புகளின் உள்வரிசையை அந்த வெர்ஷனில் மாற்றிவிட்டார்கள். அந்த வரிசையை நம்பாதீர்கள் என்று ஆவணத்தில் முன்பே எழுதியிருந்தார்கள், தப்பு என்னுடையதுதான். ஆனால் சேவை கொடுத்த லைப்ரரி இருந்திருந்தால் அந்தத் தப்பைச் செய்யும் வாய்ப்பே எனக்கு வந்திருக்காது. சின்ன மொழியில் செலவு இப்படி ஓரங்களில்தான் வருகிறது: கட்டணம், பிடிஎஃப், பழைய வங்கி இணைப்பு, அடுத்தவர் சிஸ்டத்தோடு பேசும் இடங்கள். நடு மொழி இனிமையாகத்தான் இருக்கும்.

பிஎச்பியை நான் கிண்டல் செய்வதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இரட்டை முக்காற்புள்ளியை இடம் மாற்றிப் போட்டால் ‘பாமயீம் நெக்குடோத்தாயிம்’ என்று ஹீப்ருவில் பயமுறுத்திய மொழி அது. அந்த விசித்திரமான பிழையைக்கூடத் தேடினால் முதல் வரியிலேயே பதில் கிடைக்கும். எலிக்சிரில் அப்படி ஒரு பிழை வந்தால் லைப்ரரியின் கோட்-ஐயே திறந்து படிக்க வேண்டியதுதான். (படிக்கும்படிதான் இருக்கும், அதுவரைக்கும் நல்லது.) பெரிய மொழியிலும் அப்கிரேட் சும்மா வராது. 2015-இல் பிஎச்பி 7 பழைய மைஎஸ்கியூஎல் தரவுத்தள ஃபங்ஷன்களைத் தூக்கியபோது நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திருத்தினோம். ஒரு வித்தியாசம், அதே வலி லட்சம் பேருக்கு இருந்ததால் மருந்து முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

யாரும் எதிர்பார்க்காத ஒற்றுமை ஒன்று: பிஎச்பியிலிருந்து எலிக்சிருக்கு வந்தது எனக்கு வீடு மாறியதுபோல இல்லை. பிஎச்பியில் ஒவ்வொரு கோரிக்கையும் தனியே பிறந்து தனியே சாகும், ஒன்றின் கோளாறு இன்னொன்றைத் தொடாது. எலிக்சிரிலும் அதே பழக்கம்தான், பல மடங்கு சிக்கனமாக. நோட்-இல் ஒரு கனமான லூப் எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிடும்.

ஆள் கிடைப்பது பற்றி எல்லோரும் கேட்பார்கள். எலிக்சிர் தெரிந்தவர் கிடைப்பது கஷ்டம். பிஎச்பி தெரிந்த ஒருவரை எடுத்தோம், ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டார். சமீபத்திய தொல்லை வேறு. ஏஐ உதவிக் கருவி பிஎச்பியைத் தண்ணீர்பட்ட பாடாக எழுதுகிறது. எலிக்சிரின் வலைச் சட்டகமான ஃபீனிக்ஸில் கேட்டால், அதன் 1.7 வந்து இவ்வளவு காலமாகியும் பக்க முகவரிகளை உருவாக்கும் பழைய ரூட் ஹெல்பர்களையே எழுதித் தருகிறது. திருத்தும் நேரத்தில் நானே எழுதிவிடலாம்.

போன மாதம் ஒரு புது வேலை வந்தது: படிவங்கள், கட்டணம், ரசீது, மாத அறிக்கை. யோசிக்காமல் பிஎச்பியின் வலைச் சட்டகமான லாராவெல் எடுத்தேன். கிடங்கு அப்ளிகேஷன் எலிக்சிரிலேயே இருக்கும்.

அதை எலிக்சிர் 1.17-க்கு ஏற்றியபோது கம்பைலர் ஒரு எச்சரிக்கை காட்டியது. 2019-இல் நான் இரண்டு தேதிகளைச் சாதாரண ‘சிறியது’ குறியால் ஒப்பிட்டிருந்தேன். எலிக்சிரில் அப்படி எழுதினால் வருடம், மாதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நாளைத்தான் பார்க்கும். ஜனவரி 28-ஐவிட பிப்ரவரி 5 சின்னதாகிவிடும். தவணை கடந்த சரக்கைச் சிவப்பாகக் காட்டும் வரி அது. பழைய மின்னஞ்சலைத் தேடினேன். மாதம் பிறந்ததும் சிவப்பு மறைந்துவிடுகிறதே என்று ஒரு பயனர் 2020-லேயே கேட்டிருந்தார். பிரவுசரைப் புதுப்பித்துப் பாருங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன்.