வீட்டு விசேஷத்துக்கு ஒரு செயலி: வாட்ஸ்அப்பா, நிறுவலா, இணைப்பா?

காதணி விழாவானாலும் வளைகாப்பானாலும் சமையல் மாஸ்டர் முதலில் கேட்பது "எத்தனை இலை?" என்பதைத்தான். விருந்து ஏற்பாட்டுக்கென்று கைப்பேசிச் செயலி வடிவமைப்பவர் வரவுசெலவுப் பக்கம், வேலைப் பட்டியல், புகைப்படத் தொகுப்பு என்று எத்தனை வசதிகளைச் சேர்த்தாலும், காய்கறி வாங்கும் நாளுக்கு முன்பாக அந்தக் கேள்விக்கு நம்பத்தகுந்த ஓர் எண்ணைத் தராவிட்டால் விசேஷ வீட்டில் அதற்கு வேலையில்லை. அந்த எண் விருந்தினரிடமிருந்துதான் வர வேண்டும் என்பதால், அவர் எதன் வழியாகப் பதில் சொல்வார் என்பதே வடிவமைப்பின் முதல் முடிவாகிறது. வாட்ஸ்அப்பையே பயன்படுத்திக்கொள்வது, விருந்தினரையும் செயலியை நிறுவச் சொல்வது, தட்டினால் உலாவியில் திறக்கும் இணைப்பை அனுப்புவது என மூன்று வழிகள் உள்ளன.

வாட்ஸ்அப்பின் பலம், அது ஏற்கெனவே பெரும்பாலோர் கைப்பேசியில் இருப்பது. 2022 முதல் ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்க முடிகிறது. 2024இல் நிகழ்வு உருவாக்கும் வசதியும் வந்தது. ஆனால் குழுவில் வாழ்த்துப் படங்களுக்கும் கைகூப்பும் குறிகளுக்கும் இடையே உருப்படியான பதில் புதைந்துபோகிறது. அதைவிடப் பெரிய குறை கணக்கில் இருக்கிறது. கட்டைவிரல் குறியைப் போட்ட சித்தப்பா தனியாக வருகிறாரா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு ஆறு பேராக வருகிறாரா என்பதை அந்தக் குறி சொல்லாது. மாஸ்டருக்கு வேண்டியதோ அதுதான். குழுவைத் தவிர்த்து, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலை நாடினால், ஒரு பட்டியலுக்கு 256 பேர் என்ற வரம்பும், அழைப்பவரின் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும் என்ற நிபந்தனையும் குறுக்கே வருகின்றன. வாட்ஸ்அப் நிறுவனங்களுக்குத் தரும் கட்டணச் சேவையைக் கொண்டு எல்லோருக்கும் தானாக அனுப்பலாம்தான். ஆனால் தாய்மாமன் வீட்டுக்கு முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு போனால் அது அழைப்பாக இராது, மனத்தாங்கலாகத்தான் இருக்கும். "இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதவும்" என்று எழுதி அனுப்பினாலும் வெற்றிலை பாக்கை எதிர்பார்க்கும் உறவுகள் நம்முடையவை.

விருந்தினரும் செயலியை நிறுவினால் அறிவிப்பு அனுப்பலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் மண்டப முகவரியைக் காட்டலாம் என்பார்கள். ஒரு நாள் விசேஷத்துக்காக பிளே ஸ்டோருக்குப் போய், தரவிறக்கி, ஓடிபி கொடுத்து உள்ளே நுழைய எத்தனை பேர் முன்வருவார்கள்? 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13க்குப் பிறகு அறிவிப்பு காட்டுவதற்கே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றாகிவிட்டதால், சொல்லப்பட்ட அந்த ஆதாயமும் உறுதியானதல்ல. 2025 பிப்ரவரியில் ஆப்பிள் விசேஷங்களுக்கு அழைப்பதற்கான தன் செயலியை வெளியிட்டபோது, அழைப்பை உருவாக்க அதன் கட்டணச் சேமிப்புச் சேவையான ஐகிளவுட் பிளஸ் சந்தா வேண்டும் என்று வைத்த அதே நிறுவனம், பதில் சொல்பவரிடம் ஆப்பிள் கருவியோ கணக்கோகூடக் கேட்கவில்லை. தன் கருவிகளை விட்டு யாரையும் எளிதில் வெளியே விடாத நிறுவனமே விருந்தினர் விஷயத்தில் இறங்கிவந்திருப்பதை, புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே என் தேர்வு இணைப்புதான். ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஓர் இணைப்பு அன்று, வீட்டுக்கு ஓர் இணைப்பு. பொது இணைப்பு கைமாறிக் கைமாறி, யார் யாரோ பதில் நிரப்பும் நிலைக்குப் போய்விடும். வீட்டு இணைப்பைத் திறந்தால் குடும்பத் தலைவரின் பெயரோடு, மாலை வரவேற்புக்கு எத்தனை பேர், காலை முகூர்த்தத்துக்கு எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான்கள் இருந்தால் போதும். இதிலும் பொறிகள் உண்டு. ஏழு நாள் திறக்கப்படாத தளத்தின் சேமிப்பை ஆப்பிளின் உலாவியான சஃபாரி 2020 முதல் அழித்துவிடுவதால், பதிலை உலாவியில் வைக்காமல் உடனுக்குடன் சேவையகத்தில் எழுதிவிட வேண்டும். ஐபோனில் வலைத்தளங்கள் அறிவிப்பு அனுப்ப 2023இல்தான், அதுவும் முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால் மட்டும், வழி பிறந்தது. எனவே நினைவூட்டலை இதன் வழியே எதிர்பார்க்க முடியாது. அங்கே வாட்ஸ்அப்பை மீண்டும் அழைத்துக்கொள்ளலாம்: செயலி நினைவூட்டலை எழுதி உரையாடல் பெட்டியில் நிரப்பித் தர, அழைப்பவர் தம் சொந்த எண்ணிலிருந்து அனுப்பும் பொத்தானைத் தட்டுவார். கட்டணமும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை.

அழைப்பவருக்கு மட்டும் முழுச் செயலி வேண்டும். அதை எழுதும் கருவிகள் பல. கோட்லின் என்ற நிரல்மொழியில் ஆண்ட்ராய்டுக்கு மட்டுமென்று எழுதினால் அங்கே குறையொன்றும் இராது, ஆனால் ஐபோனுக்கான திரைகளைத் தனியாகச் செய்தாக வேண்டியிருக்கும். ஒரே நிரலை இருவகைக் கைப்பேசிக்கும் ஓட்டும் கருவிகளில், ரியாக்ட் நேட்டிவ் அந்தந்தக் கைப்பேசியின் சொந்தப் பொத்தான்களையே கையாளும்; ஃபிளட்டர் எல்லாவற்றையும் தானே வரைவதால், விலை குறைந்த கைப்பேசியிலும் நீண்ட தமிழ்ச் சொற்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி அமர்கின்றன. அதனால் நான் ஃபிளட்டர் பக்கம் சாய்கிறேன். ஆனால் அதே ஃபிளட்டரைக் கொண்டு விருந்தினரின் வலைப்பக்கத்தையும் செய்துவிடலாம் என்ற ஆசை வேண்டாம். பக்கம் திறப்பதற்கு முன்பே அதன் வரைகருவி மட்டும் ஏறத்தாழ ஒன்றரை எம்பி இறங்க வேண்டும். தமிழ் எழுத்துருவை நாமே சேர்த்துத் தராவிட்டால் அது வந்துசேரும்வரை எழுத்துகளின் இடத்தில் வெற்றுக் கட்டங்கள் நிற்கும். அழைப்பிதழில் பிள்ளையின் பெயர் கட்டங்களாகத் தெரிவதை எந்தத் தாத்தாவும் ரசிக்கமாட்டார். அந்தப் பக்கத்துக்கு, உலாவி நேரடியாகப் படிக்கும் வெறும் எச்டிஎம்எல் போதும். வெளியீட்டுச் செலவைப் பொறுத்தவரை, கூகுள் ஒரே தடவை 25 டாலரும் ஆப்பிள் ஆண்டுதோறும் 99 டாலரும் வாங்குகின்றன.

மொய்க் கணக்கு விருந்தினர் பக்கத்துக்கு வரவே கூடாது. அது அழைப்பவர் வீட்டாரின் கைப்பேசிகளோடு நிற்க வேண்டியது. மொய் எழுதும் மேசையில் இருவர் இரண்டு கைப்பேசிகளில் பதிவதும், மண்டபத்தில் சிக்னல் அறுந்து அறுந்து வருவதும் வழக்கம். கூகுளின் பயர்ஸ்டோர் போன்ற இணையவழித் தரவுத்தளம் சிக்னல் இல்லாதபோதும் பதிவுகளை வரிசையில் வைத்திருந்து பிறகு ஏற்றும் என்றாலும், இருவரும் ஒரே மொத்தத் தொகையை மாற்றி எழுதினால் கடைசியாகப் போய்ச்சேர்ந்ததே நிற்கும், மற்றவர் கூட்டியது காணாமற்போகும். ஒவ்வொரு மொய்யையும் நோட்டின் தனி வரியைப் போலத் தனிப் பதிவாக வைத்து, மொத்தத்தைப் பிறகு கூட்டிக்கொள்வதே பாதுகாப்பு.

இணைப்பு வழியிலும் எல்லோரும் பதில் தரப்போவதில்லை. பெரியம்மா தொலைபேசியில் "வந்துருவோம்ப்பா, பார்க்கலாம்" என்பார். ஆகவே வருகிறோம், வரவில்லை என்ற இரண்டோடு "பார்க்கலாம்" என்ற மூன்றாவது கட்டமும், அவர் சார்பில் அழைப்பவரே எண்ணை நிரப்பும் வசதியும் முதல் பதிப்பிலேயே இருக்க வேண்டும். அந்த மூன்றாவது கட்டத்தில் இருப்பவர்களுக்கு எத்தனை இலை என்பதைச் செயலி ஊகிக்க வேண்டாம். எண்ணிக்கையைத் தனியாகக் காட்டினால் போதும், மீதியை வீட்டுப் பெரியவர்களும் மாஸ்டரும் பேசிக்கொள்வார்கள்.